கடலோரம் நெடுக ஊர் போடலாமா? சிவிலைசேஷன் 6-இல் மூன்று வழிகளின் ஒப்பீடு

“ணா, கடலோரமா வரிசையா ஊர் போட்டுக்கினே போலாமா, இல்ல நாலு ஊர வெச்சிக்கினு நல்லா வளக்கலாமா?”

காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பிகள் சுற்றி வளைத்துக் கேட்டாலும் கேள்வி கடைசியில் இதுவாகத்தான் வந்து நிற்கிறது. சத்துவாச்சாரியில் சனிக்கிழமை இந்தக் கணினி விளையாட்டை ஆடும் எங்கள் கூட்டத்திலும் இதைப் பற்றித்தான் அதிகச் சண்டை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் பணம் கொடுக்கும், உற்பத்தி கொடுக்காது. உற்பத்திக்கு உங்களிடம் வேறு வழி இருந்தால் கரை நெடுகப் போடுங்கள். இல்லாவிட்டால் பத்து ஊர் இருந்தும் பத்துமே நோஞ்சானாக நிற்கும்.

நான் பேசுவது சிவிலைசேஷன் 6, 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தோடு, சாதாரண வேகத்தில் ஆடும் ஆட்டம். 5-ஆம் பாகத்தில் கணக்கே வேறு. அங்கே ஒவ்வொரு புது ஊரும் மக்களின் மகிழ்ச்சியைக் குறைக்கும், ஆராய்ச்சிச் செலவையும் ஏற்றும். அதனால் அந்தக் காலத்து “நாலே ஊர் போதும்” அறிவுரையை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள்.

## எதை வைத்து அளப்பது

தண்ணீர். ஊர் நடும் கட்டத்துக்குப் பக்கத்தில் ஆறோ ஏரியோ இருந்தால் ஹவுசிங் (ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்ற அளவு) 5. கடல் மட்டும் இருந்தால் 3. எதுவும் இல்லாவிட்டால் 2. மக்கள்தொகை ஹவுசிங்குக்கு ஒன்று குறைவாக வந்ததுமே வளர்ச்சி பாதியாகும், இரண்டும் சமமானால் கால்வாசியாகும். அதாவது கடலை மட்டும் நம்பிய ஊர் 2 பேரிலேயே மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஆற்றங்கரை ஊர் 4 வரை ஓடும். (ஆட்டத்துக்கு ஆறு என்றால் ஆறுதான். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் பாலாறு போன்ற சமாச்சாரமெல்லாம் அதற்குத் தெரியாது.)

டிஸ்ட்ரிக்ட் எண்ணிக்கை. டிஸ்ட்ரிக்ட் என்றால் ஊர் மையத்துக்கு வெளியே தனிக் கட்டத்தில் எழுப்பும் பேட்டை. முதல் டிஸ்ட்ரிக்டுக்கு 1 ஆள் போதும். இரண்டாவதுக்கு மக்கள்தொகை 4 ஆக வேண்டும், மூன்றாவதுக்கு 7. இதை மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கடலோர ஊர் ஹார்பரை (துறைமுக டிஸ்ட்ரிக்ட்) கட்டிவிட்டு ரொம்ப நாள் கேம்பஸுக்கு (விஞ்ஞானம் தரும் டிஸ்ட்ரிக்ட்) இடம் கிடைக்காமல் நிற்பது ஏன் என்று புரியும். “கடற்கரை ஊர் சரியில்லை” என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் சிக்கல்.

உற்பத்தி. சாதாரணக் கரையோர நீர்க் கட்டம் தருவது 1 உணவு, 1 பணம். உற்பத்தி பூஜ்யம்.

பணம், வணிகவழி. ஒரு ஊருக்கு ஒரு வணிகவழிதான் கூடும். அது மார்க்கெட்டால் வரலாம், கலங்கரை விளக்கத்தால் வரலாம். இரண்டையும் கட்டினால் இரண்டு கிடைக்காது.

காவல். எத்தனை பக்கத்திலிருந்து அடி விழும், அதற்கு எத்தனை கப்பல், எத்தனை மதில் வேண்டும்.

உங்கள் நேரம். யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

| | கடலோரம் நெடுக 8–12 ஊர் | உள்நாட்டில் ஆற்றங்கரையாக 8–12 ஊர் | நாலைந்து பெரிய ஊர் |
|---|---|---|---|
| தொடக்க வளர்ச்சி | மந்தம் | நன்று | நன்று |
| உற்பத்தி | மெலிவு, ஷிப்யார்டு (ஹார்பரில் கட்டும் கப்பல் பட்டறை) வந்த பிறகு தேறும் | மூன்றிலும் சிறந்தது | ஊர் அளவில் நன்று, மொத்தத்தில் குறைவு |
| பணம் | மூன்றிலும் சிறந்தது | நடுத்தரம் | குறைவு |
| காவல் | தரைப்படை அடிப்பது கடினம், கப்பல் அடிப்பது எளிது | நேர்மாறு | காப்பது எளிது, ஒன்று போனாலும் பெரிய இழப்பு |
| கடைசிக் காலச் செலவு | கடல் மட்டம் | அதிகம் இல்லை | அதிகம் இல்லை |
| ஒரு டர்னுக்கு (ஒரு சுற்றுக்கு) ஆகும் நேரம் | மிக அதிகம் | அதிகம் | குறைவு |

## கடலோரம் நெடுக

பொதுவாகச் சொல்வதை விட ஒரு ஊரைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. இரண்டு மீன், காடு மூடிய ஒரு குன்று, மீதி வெறும் நீர். ஊர் போடலாமா?

போடலாம், ஹார்பர் எந்தக் கட்டத்தில் என்று முதலிலேயே தெரிந்தால். ஊர் மையத்தைத் தொட்டால் ஹார்பருக்கு 2 பணம். அதைத் தொடும் ஒவ்வொரு கடல் வளத்துக்கும் 1. ஆக, ஊரையும் இரண்டு மீனையும் ஒன்றாகத் தொடும் நீர்க் கட்டம் இருந்தால் 4 பணம் கையில். பக்கத்தில் இன்னொரு டிஸ்ட்ரிக்ட் வந்தால் 5. ஊரை ஒரு கட்டம் தள்ளிப் போட்டதால் ஹார்பர் மறுபக்கம் போய்விட்டால் அதே ஹார்பர் வெறும் 1, 2 தந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஆட்டம் முழுக்க அந்த வித்தியாசம் தொடரும். ஷிப்யார்டு கட்டும்போது இதே எண்தான் உற்பத்தியாக வரும். கரையோர ஊரின் உற்பத்திப் பஞ்சத்துக்கு ஆட்டமே தரும் மருந்து அதுதான். 4-க்கும் 1-க்கும் உள்ள தூரம் அப்போதுதான் உறைக்கும். நேவல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கொள்கைச் சீட்டைப் போட்டால் ஹார்பரின் அந்தப் பணம் இரட்டிப்பாகும். நாலைந்து ஹார்பர் இருப்பவருக்கு அதைவிட லாபமான சீட்டு அந்தக் கட்டத்தில் கிடைப்பது கஷ்டம்.

அதே முனையில் முதல் பில்டர் (நிலத்தை மேம்படுத்தும் வேலையாள்) வந்திறங்குகிறார், கையில் மூன்று வேலை. இரண்டு மீனுக்கும் படகு போடுங்கள். மூன்றாவதைக் குன்றின் மேல் சுரங்கத்துக்குச் செலவழிக்காமல், காட்டை வெட்டி அந்த உற்பத்தியை நேரே ஹார்பரில் போடுங்கள். டர்னுக்கு மூன்று நான்கு உற்பத்தி வரும் ஊரில் ஹார்பரைச் சும்மா விட்டால் அது முடிவதற்குள் பக்கத்து நாட்டுக்காரன் அடுத்த யுகத்துக்குப் போய்விடுவான். இரண்டு கடல் வளத்துக்குப் படகு போட்டதும் ஹார்பருக்கான செலஸ்டியல் நேவிகேஷன் ஆராய்ச்சிக்கு யுரேகாவும் (ஆராய்ச்சியைச் சீக்கிரம் முடிக்க உதவும் சலுகை) கிடைத்துவிடும். அதற்கு முன்பே, கரையில் முதல் ஊர் போட்டதுமே செய்லிங்குக்கு யுரேகா வந்திருக்கும். கரையோர ஆட்டம் தொடக்கத்தில் வேகமாகத் தெரிவதற்கு இந்த இரண்டு இலவசங்களும் ஒரு காரணம்.

டிஸ்ட்ரிக்ட் விலை ஊர் எண்ணிக்கையைப் பார்த்து ஏறுவதில்லை, உங்கள் ஆராய்ச்சி முன்னேற்றத்தைப் பார்த்து ஏறும். நிறைய ஊர் போடுகிறவருக்கு இது சாதகம். ஆனால் தாமதமாகப் போடும் ஊர் முழு விலை கொடுக்கும். அதனால் ஊரில் இடம் கிடைத்த அன்றே ஹார்பருக்கு அஸ்திவாரம் போட்டு விலையைப் பூட்டிவிடுங்கள். கட்டி முடிப்பது பிறகு ஆகட்டும்.

செட்லர் (புது ஊர் நடப் போகும் குழு) விலை தனிக் கதை. முதல் செட்லர் 80 உற்பத்தி, அடுத்தடுத்து 30 ஏறும். ஐந்தாவது 200, எட்டாவது 290. ஒவ்வொன்றும் கட்டிய ஊரில் ஒரு ஆளையும் குறைக்கும். கொலனைசேஷன் சீட்டு, கவர்ன்மென்ட் பிளாசாவில் ஆன்செஸ்ட்ரல் ஹால், மேக்னஸ் கவர்னரின் புரொவிஷன் என்று செட்லர் சுமையைக் குறைக்கும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இல்லாமல் எட்டு ஊருக்கு மேல் போகும் திட்டத்தை நான் தொடங்க மாட்டேன். பொற்காலம் வந்து மானுமென்டாலிட்டி என்ற சலுகையை எடுத்தால் பக்தியைக் கொடுத்தே செட்லர் வாங்கலாம். அது கிடைத்தவருக்கு இந்த வழி பாதி முடிந்த மாதிரி.

புது ஊர்கள் பசியோடு இருக்கும்போது அந்த ஊர்களிலிருந்து தலைநகருக்கு உள்நாட்டு வணிகவழி ஓட்டுங்கள். கிளம்பும் ஊருக்கு உணவும் உற்பத்தியும் வரும். நிறையப் பேர் தொடக்கத்திலேயே பணத்துக்கு ஆசைப்பட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, புது ஊர் ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று கேட்கிறார்கள். பணத்துக்கு வெளிநாட்டு வழி பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடல் வழிக்கு 30 கட்டம் வரை எட்டும் தூரம் உண்டு, தரைவழிக்கு 15 தான். அந்தச் சாதகம் எங்கேயும் ஓடிப்போகாது.

இனி வெளியே தெரியாத செலவுகள். ஒரு லக்சுரி (ஆடம்பரப் பொருள்) நாலு ஊருக்குத்தான் அமெனிட்டி (மக்களை மகிழ்ச்சியாக வைக்கும் வசதி) தரும். பன்னிரண்டு ஊர் என்றால் மூன்று நான்கு விதமான லக்சுரி வேண்டும். முத்து, திமிங்கிலம், ஆமை மூன்றும் கடலிலேயே கிடைக்கும் என்பது ஆறுதல். இல்லாவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும், ஹார்பர் பணத்தில் ஒரு பங்கு அங்கே போகும்.

அப்புறம் காட்டுமிராண்டிக் கப்பல்கள். கரைக்குப் பக்கத்தில் முகாம் இருந்தால் கேலி (துடுப்புப் போர்க்கப்பல்) கட்டி அனுப்பி உங்கள் மீன்படகுகளைச் சூறையாடும். இரண்டு கேலி சும்மா ரோந்து சுற்றுவதை வீண் என்று நினைக்காதீர்கள். ஷிப்பில்டிங்குக்கான யுரேகாவும் அந்த இரண்டு கேலியால்தான் வருகிறது.

கடலைத் தாண்டி வேற்றுக்கண்டத்தில் ஊர் போட்டால் லாயல்ட்டி (ஊர் உங்களிடம் காட்டும் விசுவாசம்) ஒரு கவலை. 9 கட்டத்துக்குள் இருக்கும் வேற்றுநாட்டு மக்களின் அழுத்தம் உங்கள் சின்ன ஊர் மேல் விழும். ஒரு ஊரைத் தனியாகப் போடாமல் மூன்றைக் கொத்தாக, அடுத்தடுத்த டர்னில் போடுங்கள். ஒன்றில் கவர்னரை உட்கார வையுங்கள், வாரத்துக்கு ஒரு கிளர்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பெரிய செலவு கடைசியில் வரும். கரி, எண்ணெய் எரிந்து கடல் மட்டம் உயரும்போது 1, 2, 3 மீட்டர் தாழ்கரைகள் வரிசையாக முதலில் வெள்ளத்தில் மாட்டும், பிறகு மூழ்கும். மூழ்கினால் அந்தக் கட்டத்தில் இருந்தது போனது போனதுதான். வெள்ளத்தடுப்பு கம்ப்யூட்டர்ஸ் ஆராய்ச்சிக்குப் பிறகுதான் கிடைக்கும். எத்தனை கட்டம் தாழ்வு, கடல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து அதன் விலையும் ஏறும். உற்பத்தி குறைந்த ஊர்களில்தான் இது அதிகம் தேவைப்படும் என்பது இந்த வழியின் கொடுமை. நீங்கள் ஒரு கரித்துண்டு எரிக்காவிட்டாலும் உலகத்தில் மற்றவர்கள் எரிப்பார்கள். எனவே கேம்பஸையும் தொழிற்பேட்டையையும் கரையை ஒட்டிய சமதரையில் போடாதீர்கள், குன்றுப் பக்கம் தள்ளுங்கள்.

## ஆற்றங்கரையாக உள்நாட்டில்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலோர் இயல்பாகவே இப்படித்தான் ஆடுகிறார்கள். ஹவுசிங் 5-இல் தொடக்கம், 4 பேர் சீக்கிரம் வருவார்கள், இரண்டாவது டிஸ்ட்ரிக்ட் தடையில்லாமல் எழும். மலையோரம் கேம்பஸ், ஆற்றோரம் வணிக மையம், குன்றுகளில் சுரங்கம். விஞ்ஞான வெற்றிக்கு நேர்வழி இதுதான்.

குறை என்னவென்றால் நல்ல நிலத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். டீட்டி என்ற மிகக் கடினமான மட்டத்தில் கணினி எதிரிகள் மூன்று செட்லரோடு ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் இரண்டாவது ஊர் போடுவதற்குள் ஆற்றின் மறுகரையில் கொடி பறக்கும். கரைகளைக் கணினி அவ்வளவு ஆசையாகப் பிடிப்பதில்லை என்பது என் அனுபவம். இடம் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

உள்ளே இருந்தால் பத்திரம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபிரிகேட் இரண்டு கட்டம் எட்டும், பேட்டில்ஷிப் மூன்று. அதற்கு அப்பால் கப்பலால் தொல்லை இல்லை, சரி. ஆனால் கடல் கையில் இருப்பவன் ஆளும் பொருளும் விரும்பிய இடத்தில் இறக்குவான். நம்ம ஆற்காட்டையே பாருங்கள். நவாபின் தலைநகரம், கடலிலிருந்து எவ்வளவு உள்ளே. 1751-இல் கிளைவ் சென்னையிலிருந்து ஐந்நூறு பேர் சொச்சத்தோடு நடந்து வந்து கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஐம்பது நாள் முற்றுகையையும் தாங்கினார். அவருக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி ஒரு துறைமுக ஊர் இருந்தது, அதற்குப் பின்னால் கப்பல்கள் இருந்தன. கடைசியில் நவாபே சேப்பாக்கத்துக்குக் குடிபோனார். மதில் எத்தனை உயரம் என்பதோடு எதிரிக்குத் துறைமுகம் எங்கே என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## நாலைந்து ஊர் மட்டும்

டர்ன் வேகமாக நகரும். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவு ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு ஏற்றது. அதிசயங்களைக் குவிக்க விரும்புகிறவருக்கும் சரி. ஆனால் 6-ஆம் பாகத்தில் டிஸ்ட்ரிக்ட் எண்ணிக்கையே பலம். நாலு ஊரில் நாலு கேம்பஸ்தான், எட்டு ஊரில் எட்டு. ஊரை 20 பேர் வரை வளர்த்தாலும் அந்த நாலு எட்டாகாது. கிங் என்ற நடுத்தரக் கடின மட்டம் வரை தாராளமாக ஆடலாம். அதற்கு மேல் போனால் பக்கத்து நாட்டைப் பிடித்து ஊர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டிவரும், அப்போது இது “நாலைந்து ஊர்” வழியாகவே இருக்காது.

சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது. இடம் உண்மையிலேயே நெருக்கடியான பான்ஜியா (ஒரே பெரிய கண்டம் உள்ள வரைபடம்) மூலையில் மாட்டிக்கொண்டால், வீம்புக்குப் பனிப்பாறை ஓரத்தில் ஆறு ஊர் போடுவதை விட நாலை ஒழுங்காக வளர்ப்பது மேல்.

## நேரம்

பன்னிரண்டு ஊர் என்றால் பன்னிரண்டு உற்பத்தி வரிசை, பத்துக்கு மேல் வணிகவழி, ஒவ்வொன்றும் முடிந்ததும் மறுபடி அனுப்பும் வேலை. கடைசி யுகத்தில் ஒரு டர்னுக்கே பொறுமை போய்விடும். நண்பர்களோடு டைமர் வைத்து ஆடினால் கரையோரக்காரர் எப்போதும் கடைசியாகத்தான் முடிப்பார், மற்றவர்கள் திட்டுவார்கள். பழைய லேப்டாப்பில் பெரிய வரைபடத்தை அக்னி நட்சத்திரத்தில் ஓட்டிப் பார்த்தவருக்கு நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

## எந்த நிலையில் எது

வரைபடம் ஆர்க்கிபெலகோ, ஐலண்டு பிளேட்ஸ், ஸ்மால் கான்டினென்ட்ஸ் என்று தீவுகளும் சின்னக் கண்டங்களுமாக இருந்தால் கடலோரம்தான். யோசிக்கவே வேண்டாம். பான்ஜியாவில் ஆற்றங்கரை. கான்டினென்ட்ஸில் இரண்டும் கலந்து.

எந்த நாடு என்பதும் பாதி முடிவைச் சொல்லிவிடும். ஃபினீசியாவுக்கென்றே செய்த வழி இது. கடலில் செட்லர் வேகமாகப் போகும், தலைநகர் இருக்கும் கண்டத்தில் கரையோர ஊர்களுக்கு லாயல்ட்டி கவலையே இல்லை, கோத்தான் (அவர்களுக்கே உரிய ஹார்பர்) இருக்கும் ஊரில் செட்லருக்கான உற்பத்தி 50% கூடும். ஆஸ்திரேலியாவுக்குக் கரையோர ஊரில் ஹவுசிங் 3 கூடுதல், ஆக முதலில் சொன்ன தண்ணீர்ச் சிக்கலே கிடையாது. போர்ச்சுகல் வணிகத்துக்குக் கரையை விட்டால் வேறு கதியில்லை. இந்தோனேசியா, நார்வே, மாவோரி எல்லாம் இதே ரகம். நேர்மாறாக மாயா கையில் இருந்தால் ஆறோ கடலோ ஹவுசிங் தராது, கரையைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. இன்காவுக்கு மலைதான். நம்ம சோழர்களைக் கப்பலோடு ஆட ஆசைப்படுகிறவர்கள் 2025-இல் வந்த 7-ஆம் பாகத்துக்குப் போக வேண்டும். ஆனால் அங்கே குடியிருப்புகளுக்கு ஒரு வரம்பு உண்டு, தாண்டினால் மகிழ்ச்சி குறையும். இந்தக் கட்டுரையின் கணக்கு அங்கே செல்லாது.

எந்த வெற்றி என்பதும் உண்டு. பணம் கொண்டு படை வாங்கி ஆதிக்கம் செலுத்த கடலோரம் நல்லது. கலாசார வெற்றிக்கும் ஒரு நன்மை இருக்கிறது: ரேடியோவுக்குப் பிறகு அழகான கரைச் சமவெளிகளில் சீசைடு ரிசார்ட் கட்டலாம், பணமும் சுற்றுலாவும் வரும். ரிசார்ட் கட்டும் கட்டம் தாழ்கரையா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விஞ்ஞானத்துக்கு ஆற்றங்கரையே மேல். பவளப்பாறை இருந்தால் மட்டும் விதிவிலக்கு, அதை ஒட்டிய கேம்பஸுக்கு பாறை ஒன்றுக்கு 2 விஞ்ஞானம். ஆக்லாந்து நகர அரசு அருகில் இருந்து அதன் தலைமை உங்களிடம் இருந்தால் எல்லாக் கணக்கும் மாறும். ஆழமில்லா நீர்க் கட்டங்களே உற்பத்தி தரத் தொடங்கும், நான் முதலில் சொன்ன பதிலே அங்கே அடிபட்டுப்போகும்.

என்னிடம் விட்டால் நான் தேடுவது ஆற்றுமுகம். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஊர் போட்டால் ஹவுசிங் 5, ஹார்பர் ஊரைத் தொடும், ஆற்றையும் ஹார்பரையும் தொடும் வணிக மையம் இரண்டுக்கும் தலா 2 பணம் வாங்கும். அப்படி இரண்டு மூன்று முகங்களை முதலில் பிடித்துவிட்டு, பிறகுதான் வெறுங்கரையில் கைவைக்க வேண்டும். ஆற்றுமுகம் இல்லாவிட்டால் கரையிலிருந்து ஒரு கட்டம் உள்ளே, நல்ல தண்ணீர் பக்கத்தில். அப்போதும் ஹார்பர் கட்டலாம். ஊரைத் தொடுவதற்கான 2 பணம் போகும், ஆனால் எதிரிக் கப்பல் நேரே வந்து ஊரைப் பிடிக்க முடியாது.

## ஏற்கெனவே கரையில் போட்டுவிட்டவர்களுக்கு

ஊர்கள் 3 பேரில் நின்றுவிட்டன என்றால் முதலில் கிரேனரி (தானியக் களஞ்சியம்), ஹவுசிங் 2 கூடும். பிறகு ஹார்பரில் கலங்கரை விளக்கம். மலையோ ஆறோ எட்டும் தூரத்தில் இருந்தால் நீர்க்கால்வாய், தண்ணீரில்லா ஊரை அது 6 வரை தூக்கிவிடும். எல்லா ஊரிலும் எல்லாம் கட்ட முயலாதீர்கள். உற்பத்தி தேறும் இரண்டு ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் தொழிற்பேட்டையும் அதிசயங்களும். மற்றவை ஹார்பர், வணிகவழி என்று பணம் சம்பாதிக்கட்டும், அந்தப் பணத்தில் கட்டடங்களை வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்பர் 4-க்கு மேல் இருக்கும் ஊரில் ரெய்னா கவர்னரை ஹார்பர்மாஸ்டர் வரை உயர்த்தி உட்கார வைத்தால் அந்தப் பணம் இரட்டிப்பாகும். நல்ல நீர்க் கட்டங்கள் நிறைய உள்ள ஒரே ஒரு ஊரில் ஹாலிகர்னாசஸ் கல்லறையைக் கட்டுங்கள். அந்த ஊரின் கரையோர நீர்க் கட்டம் ஒவ்வொன்றும் விஞ்ஞானம், கலாசாரம், பக்தி மூன்றையும் ஒவ்வொன்று தரும்.